மறதியும் கடமையும்

நினைவு தளரத் தொடங்கிய தாய் தந்தையரைக் குறித்துப் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "இதற்கு எந்த மருந்து நல்லது, ஃபாதர்?" தருமபுரி மாவட்டத்து ஊர்களில் இக்கேள்விக்குத் தனியோர் அழுத்தம் உண்டு. அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து இளைஞர்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விடுகிறார்கள். மானாவாரிக் காட்டையும் இரண்டு மாடுகளையும் பார்த்துக்கொண்டு பெரியவர்கள் மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறார்கள். பண்டிகைக்கு வந்த மகன், தந்தை ஒரே கேள்வியை நான்காம் முறையாகக் கேட்பதைக் கண்டு திடுக்கிடுகிறான். விடுப்பு முடிவதற்குள் ஏதேனும் செய்தாக வேண்டும் என்று அவன் மனம் பதைக்கிறது.

இந்நிலையில் இரண்டு விதமான பதில்களை நாம் கேட்டு வருகிறோம். "வயசானா அப்படித்தான், விடுங்க" என்பது ஒன்று. "காட்டை விற்றாவது பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும்" என்பது மற்றொன்று. முன்னது அலட்சியம் என்றும் பின்னது அன்பு என்றும் நாம் எளிதில் தீர்ப்பிட்டு விடுகிறோம். ஆனால் இவ்விரண்டு பதில்களும் ஒரு வினாவைத் தொடாமலே கடந்துபோகின்றன. நினைவு தளர்ந்துவரும் ஒருவருக்கு எதைச் செய்ய நாம் கடமைப்பட்டிருக்கிறோம்? எதைச் செய்யக் கடமைப்படவில்லை? எந்தச் சிகிச்சை எவ்வளவு பயன் தரும் என்பதை மருத்துவம் சொல்லும். அந்தப் பயனை எதைக்கொண்டு அளப்பது என்பதை மருத்துவம் மட்டும் சொல்லிவிட முடியாது. அது அறநெறி சார்ந்தது.

முதலில் நோயை அறிந்துகொள்வோம். மருத்துவர்கள் இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்துப் பேசுகிறார்கள். வயதுக்கு இயல்பானதைவிட நினைவாற்றல் குறைந்திருக்கிறது. சோதித்துப் பார்த்தாலும் அது தெரிகிறது. ஆயினும் அவர் தம் காசைத் தாமே எண்ணுகிறார், தாமே பேருந்து ஏறுகிறார், மாட்டைக் கறக்கிறார். இது லேசான அறிவாற்றல் குறைபாடு எனப்படும். அன்றாட வாழ்வை நடத்தவே பிறர் துணை தேவைப்படும் நிலை வந்தால் அதனை மறதிநோய் என்கிறோம். அதில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். மூளையின் இரத்தக்குழாய்கள் பழுதுபடுவதால் வருவதும் நம்மிடையே குறைவன்று. 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோய் உடையவர்கள் என்று 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வொன்று மதிப்பிட்டது.

முதல் நிலையில் உள்ள எல்லாரும் இரண்டாம் நிலைக்குச் சென்றுவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மறதிக்கென மருத்துவமனைகளை நாடி வருவோரில், ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர்வரை மறதிநோய்க்குள் செல்கிறார்கள். பலர் அதே நிலையில் நின்றுவிடுகிறார்கள். சிலர் தெளிந்து மீள்வதும் உண்டு. மேலும், மறதிபோலத் தோன்றுவதெல்லாம் இந்நோயன்று. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, மதுப்பழக்கம், தூக்க மாத்திரை, கீழே விழுந்தபோது தலைக்குள் உறைந்த இரத்தம் ஆகியவையும் நினைவைக் கெடுக்கும். இவற்றில் பலவற்றைச் சாதாரண இரத்தப் பரிசோதனையாலும் முறையான விசாரிப்பாலும் கண்டுபிடித்துச் சரிசெய்ய இயலும். எனவே, "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிச் சோதிக்காமலே விட்டுவிடுவதைப் பொறுமை என்று அழைப்பது பொருந்தாது. மீட்கக்கூடிய ஒருவரை மீட்காமல் விடுவதாகவும் அது முடியக்கூடும்.

இனி மருந்துகளைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1996-இல் ஒப்புதல் பெற்ற டோனெபெசிலும், அதன் பின் வந்த ரிவாஸ்டிக்மின், காலன்டமின் ஆகியனவும் ஒரே வழியில் வேலை செய்பவை. நினைவுக்குத் துணைசெய்யும் அசெட்டைல்கோலின் என்னும் பொருள் மூளையில் விரைவாகச் சிதையாமல் அவை தடுக்கின்றன. மறதிநோய் உடையோரிடம் நிகழ்ந்த ஆய்வுகளில், 70 புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோலில், இம்மருந்துகளால் சராசரியாக இரண்டு மூன்று புள்ளிகள் அளவே நன்மை தெரிந்தது. சிலருக்கு வீட்டார் உணரும் அளவுக்குப் பயன் கிடைக்கிறது. சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. குமட்டல், வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு குறைதல் ஆகிய தொல்லைகளும் வரலாம். நோயின் போக்கை இவை நிறுத்துவதில்லை.

லேசான குறைபாட்டு நிலையிலேயே இம்மருந்தைத் தொடங்கினால் நோயைத் தடுத்துவிடலாமே என்று எண்ணத் தோன்றும். 769 பேரிடம் மூன்றாண்டுகள் நடத்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. டோனெபெசில் பெற்றவர்களுள் முதலாண்டில் நோய்க்குள் சென்றவர் குறைவு. மூன்றாம் ஆண்டின் இறுதியில் வேறுபாடு ஏதும் எஞ்சவில்லை. இந்நிலைக்கென எந்த மருந்தையும் பரிந்துரைக்கச் சான்று இல்லை என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2018-இல் வழிகாட்டியது. வாரம் இருமுறை உடற்பயிற்சி செய்யுமாறு அறிவுறுத்தியது.

அண்மைக் காலத்தில் பெரிதாகப் பேசப்படுபவை லெக்கனமாப், டொனனெமாப் என்னும் புதிய மருந்துகள். முன்னது 2023-இலும் பின்னது 2024-இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. அல்சைமர் நோயாளரின் மூளையில் படியும் அமிலாய்டு என்னும் புரதத்தை இவை அகற்றுகின்றன. நோயின் வேரை நோக்கிச் செல்லும் மருந்துகள் என்ற வகையில் அறிவியலுக்கு இது உண்மையான முன்னேற்றமே. ஆயினும் பயனின் அளவைக் காண்க. லெக்கனமாப் மருந்தை 1,795 பேரிடம் 18 மாதங்கள் சோதித்தார்கள். மருந்து பெற்றோரும் சரிந்தனர், பெறாதோரும் சரிந்தனர். சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அவ்வேறுபாடு அரைப் புள்ளிக்கும் சற்றுக் குறைவு. அச்சோதனையில் இரு வாரங்களுக்கு ஒருமுறை நரம்புவழி மருந்தேற்றினார்கள். மருந்து பெற்றோரில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் படத்தில் தெரிந்தது. மிகப் பலருக்கு அதனால் தொல்லை இல்லை, சிலருக்கு ஆபத்தாயிற்று. ஆகையால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 26,500 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 22 இலட்ச ரூபாய். 2024 ஆகஸ்டில் பிரிட்டன் இம்மருந்துக்கு உரிமம் வழங்கிய அதே நாளில், பொது மருத்துவச் சேவையில் இதற்குச் செலவிடும் அளவுக்குப் பயன் இல்லை என்று அந்நாட்டு மதிப்பீட்டு நிறுவனம் தன் வரைவு அறிக்கையில் கூறிற்று.

நாட்டு மருந்து என்றும் மூலிகை என்றும் விற்கப்படுபவை பற்றியும் ஒரு சொல். ஜின்கோ இலைச் சாற்றை 3,069 முதியோரிடம் பல்லாண்டுகள் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள்; அது மறதிநோயைத் தடுக்கவில்லை. நம் வீடுகளில் வல்லாரைத் துவையல் அரைப்பது நல்ல உணவு. அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், இழந்த நினைவைத் திருப்பித் தரும் என்று வல்லாரையைப் புட்டியில் அடைத்து விற்பவருடைய வாக்குறுதியைப் பெரிய ஆய்வு எதுவும் மெய்ப்பிக்கவில்லை.

மருந்தல்லாத சிகிச்சைகள் என்ன தருகின்றன? இங்கிலாந்தில் 201 பேரிடம் சோதித்து 2003-இல் வெளியிடப்பட்ட 'அறிவுத் தூண்டல் சிகிச்சை' இங்கே முதன்மையானது. லேசான, நடுத்தர மறதிநோய் உடைய சிலரைச் சிறு குழுவாக அமர்த்தி, வாரம் இருமுறையாக ஏழு வாரங்களில் பதினான்கு அமர்வுகள் நடத்துகிறார்கள். உணவு, இளமைப்பருவம், பணம், ஓசைகள், தெரிந்த முகங்கள் எனப் பொருளுக்கு ஒரு நாள். "இது யார், சொல்லுங்கள்" என்று தேர்வு வைப்பதில்லை. "இதைப்பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கருத்துக் கேட்கிறார்கள். தவறான விடை என்று ஒன்று இல்லாமலே பேச்சு நடக்கிறது. இதனால் கிட்டிய பயன், மேலே சொன்ன மாத்திரைகளால் கிட்டும் பயனுக்கு ஒப்பாக இருந்தது. சென்னையில் 1984-இல் தோன்றிய 'ஸ்கார்ஃப்' மனநல நிறுவனத்தார் இதனைத் தமிழருக்கு ஏற்றவாறு மாற்றி நடத்திப் பார்த்து, அந்த அனுபவத்தை 2017-இல் வெளியிட்டனர். நம் மாவட்டத்துப் பெரியவர்களுக்கு இதனைப் பொருத்துவது கடினமன்று. கேழ்வரகுக் களி கிண்டுவது, கிணற்றில் கவலை இறைத்தது, நாலணாவும் எட்டணாவும் புழங்கிய சந்தை என்று தொடங்கினால் அவர்களே நமக்கு ஆசிரியர்களாகி விடுவார்கள்.

அடுத்து, நோய்க்கு முந்தைய கவனிப்பு. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்குட்பட்ட, மறதி வரும் வாய்ப்பு மிகுந்த 1,260 பேருள் ஏறத்தாழப் பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, இரத்த அழுத்தக் கவனிப்பு ஆகியவற்றை ஈராண்டுகள் சேர்த்து அளித்தபோது, அறிவாற்றல் மேம்பட்டதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரத்த அழுத்தத்தை நன்கு கட்டுப்படுத்தினால் லேசான குறைபாடு தோன்றுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என 2019-இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. காது மந்தம், கண் பார்வைக் குறைவு, சர்க்கரை, புகை, மிகுந்த மது, தனிமை, கல்வியின்மை உள்ளிட்ட பதினான்கு காரணங்களைக் களைந்தால், உலகில் மறதிநோயில் ஏறக்குறைய பாதியளவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என 'லான்செட்' இதழின் ஆணைக்குழு 2024-இல் மதிப்பிட்டது.

இவற்றையும் மிகைப்படுத்திப் பேசக்கூடாது. காது கேட்கும் கருவி பற்றிய 2023-ஆம் ஆண்டின் ஆய்வில், எல்லாரையும் ஒருசேரப் பார்த்தபோது மூன்றாண்டுகளில் வேறுபாடு தெரியவில்லை. நோய்வாய்ப்பு மிகுந்திருந்தவர்களிடம் மட்டுமே சரிவு பெரிதும் குறைந்தது. அறிவுத் தூண்டல் சிகிச்சையும் நோயைக் குணப்படுத்துவதன்று. ஆக, மாத்திரை தருவதும் சிறிது. கூடிப் பேசுவது தருவதும் சிறிது. பல இலட்சம் கேட்கும் மருந்து தருவதும், இன்றைய நிலையில், சிறிதே. வேறுபாடு செலவிலும் தீங்கிலும் இருக்கிறது.

இவ்விடத்தில், திருச்சபையின் அறநெறியியல் நெடுங்காலமாகக் கற்பித்துவரும் ஒரு வேறுபாடு நமக்கு உதவும். உயிரையும் உடல்நலத்தையும் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள மனிதன் கடமைப்பட்டவன். அசாதாரண வழிகளைக் கையாளக் கடமைப்பட்டவன் அல்லன். பதினாறாம் நூற்றாண்டின் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா போன்ற ஸ்பானிய இறையியலாளர் இதனை விளக்கினர். 1957 நவம்பர் 24 அன்று மயக்க மருந்து வல்லுநர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதனை உறுதிப்படுத்தினார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் 1980-ஆம் ஆண்டு அறிக்கையோ, கிட்டும் பயனுக்கும் அடையும் துன்பத்துக்கும் செலவுக்கும் உள்ள பொருத்தத்தை எடைபோடச் சொல்கிறது. பொதுவாக இந்நெறியைச் செயற்கைச் சுவாசக் கருவியின் அருகில் நின்றுதான் நாம் நினைவுகூர்கிறோம். மறதியின் தொடக்கத்திலேயே இதனைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்?

நம் வழக்கமான எண்ணம் தலைகீழாகிவிடும். காட்டை விற்று மருந்தேற்றுவது கடமை அன்று. வசதி உள்ளவர், ஆபத்தையும் பயனையும் அறிந்து, நோயாளியின் விருப்பத்தோடு செய்தால் அதில் குற்றமில்லை. இயலாதவர் செய்யாவிட்டாலும் குற்றமில்லை. தாய்க்குத் துரோகம் செய்துவிட்டோம் என்று அவர் தம்மை நொந்துகொள்ளத் தேவையில்லை. ஆனால் கண்ணாடி, காதுக்கருவி, இரத்த அழுத்த மாத்திரை, ஒரு முறையேனும் முழுமையான பரிசோதனை, பேச ஓர் ஆள் ஆகியவை சாதாரண வழிகள். இவற்றைத் தவிர்க்க நமக்கு உரிமை இல்லை. முன்பு நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டபோது, அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. அம்மாத்திரையை அம்மா விழுங்கினாரா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே! கட்டாயம் என்று நாம் அஞ்சிய பெருஞ்செலவு விருப்பத்துக்கு உரியதாகிவிட்டது. விருப்பம் என்று எண்ணி விட்டுவிட்ட சிறு காரியமோ கட்டாயம் ஆகிவிட்டது. செலவு கூடினால் அன்பு கூடும் என்னும் அளவுகோல் பொய்யானது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. "பேச ஓர் ஆள் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த ஆள் யார்?" பெரும்பாலும் அவர் ஒரு பெண். மருமகளோ, மணமாகாத மகளோ, தாமும் முதுமையடைந்த மனைவியோ. வெளியூர் மகன் மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். "அம்மாவைப் பார்த்துக்கொள்" என்று தொலைபேசியில் சொல்கிறான். இரவில் எழுந்து நடக்கும் மாமியாரைப் பின்தொடர்ந்து நடப்பவள், நூறு முறை கேட்ட கேள்விக்கு நூற்றொன்றாம் முறை விடை சொல்பவள், வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டவள் அவளே. குடும்பம் முழுமைக்கும் சாதாரணமாக இருக்கும் ஒரு வழி, ஒருத்தியின் தலையில் மட்டும் ஏற்றப்படும்போது அசாதாரணமாகிவிடுகிறது. அறநெறி யாரையும் தாங்கொணாச் சுமைக்குக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே அச்சுமையைப் பகிர்ந்து அதனைச் சாதாரணமாக்குவது உடன்பிறந்தோர் அனைவரின் கடமை. அவர்களாலும் இயலாதபோது உறவினரும் ஊரும் பங்கும் அரசும் கைகொடுக்கக் கடமைப்பட்டவை. பணம் அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்பவர், தம் பங்குக் கடமையையும் சேர்த்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு வினாவும் மிஞ்சுகிறது. சிகிச்சை யாருக்காக? 1901-இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அலாய்ஸ் அல்சைமர் சந்தித்த 51 வயது ஔகுஸ்தே டேட்டர் என்னும் பெண்மணி, தம்மைத் தாமே இழந்துவிட்டதாகச் சொன்னார் என்பது மருத்துவக் குறிப்பு. ஒரு மனிதன் நேற்றும் இன்றும் அதே ஆள்தான் என்பதற்கு அவனுடைய நினைவுத் தொடர்ச்சியே ஆதாரம் என்றார் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக். அது உண்மையானால், நினைவு போனபின் அங்கே நாம் பேண ஆள் இல்லை என்றாகும். புனித அகுஸ்தீனாரும் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்ட நூலின் பத்தாம் பகுதியில் நினைவாற்றலை வியந்து ஆராய்கிறார். அங்கே மறதியையும் ஒரு புதிராகவே கண்டு திகைக்கிறார். ஆனால் மனிதனை அவன் நினைவுகளின் கூட்டுத்தொகையாக நம் மரபு கண்டதில்லை. அவன் தன்னை மறந்தாலும் படைத்தவர் அவனை மறப்பதில்லை. அவனை அறிந்தவர்களும் அவனை அறிந்தேயிருக்கிறார்கள். ஆகவே சிகிச்சையின் வெற்றியைப் புள்ளிகளைக் கொண்டு மட்டும் அளக்க நாம் கட்டுண்டவர் அல்லர். அவர் இன்று பயமின்றி உண்டாரா, உறங்கினாரா, ஒருவரோடு சிரித்துப் பேசினாரா என்பதும் மருத்துவப் பயனே.

அவர் இன்னும் பேசக்கூடிய ஆளாக இருக்கிறார் என்பதே தொடக்கநிலையின் பெரும் வாய்ப்பு. எங்கே வாழ விரும்புகிறார், பணத்தை யார் பார்க்க வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவரிடமே கேட்க இயலும். தம் சிகிச்சை குறித்து முன்கூட்டியே எழுதி வைக்கவும் தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. நாமோ அவரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் தலைக்கு மேலே பேசிக்கொள்கிறோம். மனம் நோகும் என்று நோயின் பெயரை மறைக்கிறோம். பிறகு ஒரு நாள் பத்திரத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குகிறோம். உண்மையைக் கேட்பதற்கு அறிவு போதாதவர், நிலத்தை எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் அறிவுள்ளவர் ஆவது எப்படி? இதற்கு நம் மறைக்கல்வியில் வேறு பெயர் கிடையாது. களவு என்பதுதான் அதன் பெயர்.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சீராக்கின் ஞானம், தன் மூன்றாம் அதிகாரத்தில் முதிய தந்தையைப் பேணச் சொல்கிறது. அவரது அறிவு தளர்ந்துபோனாலும் அவரிடம் பொறுமை காட்டவும், நம் வலிமையை எண்ணி அவரை இகழாதிருக்கவும் வேண்டுகிறது. அறிவு தளரும் தந்தை அன்றும் இருந்தார். அவருக்குக் கொடுக்க அன்று மாத்திரை இல்லை. ஆனால் கடமை இருந்தது. இன்று மாத்திரை வந்திருக்கிறது என்பதனால் அக்கடமை மாத்திரைக்கு மாற்றப்பட்டுவிடவில்லை.

அன்பர்களே, நம் பங்குகளில் ஆலயத்தை அடுத்து ஒரு கூடமேனும் இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வீடு சந்திக்கச் செல்கிறார்கள். வாரம் இருமுறை ஒரு மணி நேரம் ஆறேழு பெரியவர்களை அங்கே அமர்த்திப் பேசவைப்பதற்கு நமக்குத் தடை என்ன? அந்த ஒரு மணி நேரத்தில், வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் சற்றுக் கண்ணயரலாம். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

எந்த மருந்து நல்லது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. முதலில் தந்தையை முறையாகச் சோதித்துப் பாருங்கள். மருந்து தேவையா, எது தேவை என்பதை மருத்துவர் எழுதித் தருவார். விடுப்பு முடிந்து ஊர் திரும்புமுன், உடன்பிறந்தோர் எல்லாரும் தந்தையின் முன்னிலையிலேயே கூடி உட்கார்ந்து, எந்த வாரம் யார் வருவது என்பதை நீங்களும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.